சியம் ரீப்பில் ஐந்து வாக்கியம்

சியம் ரீப் வந்து சேர்ந்த மறுநாள் காலை, தெருமுனையில் வண்டிக்கடை போட்டிருந்த ஒரு அம்மா என்னிடம் கெமர் மொழியில் நீளமாக ஏதோ கேட்டார். புரியவில்லை என்று கையை விரித்தேன். அதையே இன்னும் சத்தமாகக் கேட்டார். "இந்தியா, இந்தியா" என்றேன். என் கறுத்த கையையும் எண்ணெய் வைத்துப் பின்னிய தலைமுடியையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்னது என்ன என்று, பின்னாலேயே வந்த ஷாகிராதான் கேட்டுச் சொன்னாள். "ஒன்ன இந்த ஊரு பொண்ணுன்னு நெனச்சுகினாங்கடி. ரெண்டு வருசம் வெளியூர்ல இருந்துட்டு பாஷ மறந்துட்ட மாதிரி ஸ்டைல் காட்டறியாம்."

ஷாகிரா என்னோடு ஆரணியில் ஒன்றாகப் படித்தவள். இங்கே ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். கம்போடியாவுக்கு நான் வந்ததே அவள் பேச்சைக் கேட்டுத்தான். "கோயில் பாக்க உலகமே வருது. ஹோட்டல்ல வேல செய்றவங்க, கட வச்சிகினு இருக்கறவங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் வேணும். வீட்ல ஒக்காந்தே டியூஷன் எடுக்கலாம், வா" என்று ஒரு வருடமாகக் கூப்பிட்டாள்.

நான் ஆரணியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினோரு வருடம் இங்கிலீஷ் நடத்தியவள். இடையில் மூன்று வருடம் செய்யாறில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அது நிலைக்கவில்லை, பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அதன் பிறகு ஊரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் இலை போடுவதற்கு முன்பே யாராவது ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். முப்பத்தேழு வயதில், யாரும் விசாரிக்காத ஒரு ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது.

"ஆரணில இல்லாத டியூஷனா அங்க கீது?" என்று அம்மா கேட்டாள். அப்பா தறிக்கூடத்துக்குள் போய் விசைத்தறியை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது.

அந்த வண்டிக்கடையில் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தது அசல் நம் இடியாப்பம்தான். மேலே பச்சை நிறத்தில் மீன் குழம்பு, அதன் மேல் பொடியாக அரிந்த வாழைப்பூ, அல்லித்தண்டு, பச்சையாகவே பீன்ஸ். வாழைப்பூவை வேகவைக்காமல் தின்ன முடியும் என்று நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். முதல் வாய் விநோதமாக இருந்தது. மூன்றாவது வாயில் பிடித்துப்போனது. பால் ஊற்றிய டீ மட்டும் கடைசிவரை எங்கும் கிடைக்கவில்லை. டீ என்று கேட்டால் ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டு மேலே கடுந்தேநீர் ஊற்றித் தருகிறார்கள். தலைவலிக்காரி நான், முதல் வாரம் பட்ட பேஜார் கொஞ்சமில்லை.

ஊருக்கு வெளியே போனால் வயலும் வயல் நடுவே பனைமரமும். கண்ணைக் கட்டி ஒருவரை இங்கே கொண்டுவந்து விட்டால் கலசப்பாக்கம் பக்கம் என்றே நினைப்பார். வழியில் பெண்கள் பனைவெல்லத்தைச் சின்ன வட்டுகளாக வார்த்து ஓலையில் சுற்றி விற்கிறார்கள். ஆசிரியையை இவர்கள் "நேக் குரூ" என்று அழைக்கிறார்கள். அதில் இருக்கிற குரு நம் குருதான் என்று தெரிந்தபோது, ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் ஒரு தெம்பு வந்தது.

ஆனால் என்னை அப்படி அழைக்கத்தான் ஆள் வரவில்லை.

தங்கியிருந்த வீட்டு வாசலில் ஒரு தாள் ஒட்டினேன். ஷாகிராவின் ஹோட்டல் பெண் ஒருத்தி அதை கெமரில் எழுதிக் கொடுத்தாள்: வெளிநாட்டு ஆசிரியை, வீட்டிலேயே இங்கிலீஷ் வகுப்பு. அன்று மாலையே ஒரு தம்பதி வந்தார்கள். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். அந்தப் பெண் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "வெளிநாட்டு டீச்சர் இல்லையா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிகவும் மரியாதையாகக் கை கூப்பி, நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வரவில்லை. அடுத்த வாரமும் இதே கதை மூன்று தடவை நடந்தது. ஒரு விடுதிக்காரர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார். "நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் நோட்டீஸில் ஒரு வெள்ளைக்காரர் படம் போட்டால்தான் ஆள் வரும். படம் மட்டும்தானே" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று அறைக்கு வந்து கண்ணாடியில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் கரும்பலகை முன்னால் நின்ற முகம். அது போதாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு மாதம் கழித்து, டுக் டுக் ஓட்டுகிற ஒருவரும் மசாஜ் கடைப் பெண்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். டுக் டுக் என்பது பைக்குக்குப் பின்னால் மாட்டிய குட்டி ரதம். என்னை மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று வந்தவர், ஒரு திருப்பத்தில் பைக்கை மட்டும் திருப்பினார். ரதம் கொக்கி கழன்று என்னோடு நேராகப் போய் ஒரு தர்ப்பூசணிக் கடையில் நின்றது. அடி படவில்லை. கடைக்காரி எனக்கு ஒரு துண்டு தர்ப்பூசணி கொடுத்துத் தண்ணீரும் கொடுத்தாள். அன்றைக்கு நடத்திய பாடம் "ஐ ஆம் ஸாரி."

சொக்காவைச் சந்தித்தது பழைய மார்க்கெட்டில். எங்கள் பக்கம் சொக்கா என்றால் சட்டை. அந்தப் பெயரில் ஒரு அம்மா, அதுவும் துணிக்கடையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தால் எனக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் சால்வை ஒன்றைக் காட்டி, "ப்யூர் சில்க், ப்யூர் சில்க்" என்றுகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று அதன் ஓரத்தை விரலில் பிடித்துப் பார்த்தேன். பாலியஸ்டர். நான் வாயைத் திறக்கவில்லை. முகம் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்மணி வாங்காமல் போனதும் சொக்கா என் பக்கம் திரும்பினார். "யூ நோ சில்க்?"

நான் என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, நெருப்பு வைப்பதுபோல் சைகை காட்டி, மூக்கை மூடிக்கொண்டேன். அசல் பட்டு எரிந்தால் மயிர் பொசுங்கும் வாடை வரும். தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கடை அதிரச் சிரித்தார். மேசைக்குக் கீழே கையை விட்டு, மஞ்சள் பொன் நிறத்தில் ஒரு துணியை எடுத்து என் மடியில் போட்டார். அது பட்டு. கசக்கினால் பேசுகிற பட்டு. நான் போனில் ஆரணிப் புடவைப் படங்களைக் காட்டினேன். இரண்டு பேரும் ஜரிகையைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் இருபது வார்த்தை, எனக்குத் தெரிந்த கெமர் பத்து. பையில் இருந்த என் நோட்டீஸை அவர் பார்த்தார். "நேக் குரூ?" என்றார். ஆமாம் என்றேன். அந்த ஊரில் முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்டுவிட்டு எனக்குப் பின்னால் யாரையும் தேடவில்லை.

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்கே வந்துவிட்டார். விஷயத்தை டுக் டுக்காரர் பாதி இங்கிலீஷில் சொல்லி விளக்கினார்.

சொக்காவுக்கு ஒரே மகள், லீடா. கணவர் அவள் நான்கு வயதில் இறந்துவிட்டார். லீடா ஒரு ஹோட்டலில் வரவேற்பில் இருக்கிறாள், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. கிராமங்களுக்குக் குடிநீர்க் குழாய் போடும் வேலைக்கு வந்த ஜூலியன் என்ற பிரெஞ்சுக்காரப் பையனை விரும்புகிறாள். கார்த்திகை வாக்கில் இங்கே கல்யாணம், அதற்குப் பிறகு அவன் ஊருக்குப் போய்விடுவாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு ஜூலியனின் அப்பா, அம்மா வருகிறார்கள். அவர்களுக்கு சொக்கா வீட்டில் மதிய விருந்து. அன்று சம்பந்தியம்மாளிடம் சில விஷயம் சொல்ல வேண்டும். இங்கிலீஷில். அதுவும் லீடாவுக்குத் தெரியாமல் படிக்க வேண்டும்.

"உங்கள் மகளே மொழிபெயர்த்துச் சொல்வாளே?" என்று கேட்டேன்.

"சொல்ல வேண்டியது அவளைப் பற்றி. நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்று சொல்வாள். எல்லாவற்றையும் சிரிப்பாக்கிவிடுவாள்" என்றார்.

போனில் மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறதே என்று காட்டினேன். அவர் ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தார். என் மகள் கோபம் வந்தால் பேச மாட்டாள் என்று இவர் சொல்ல, என் மகளின் வாய்க்கு இன்று விடுமுறை என்று போன் சொல்லியிருக்கிறது. "அது சரியாகச் சொன்னாலும் வேண்டாம். போன் சொன்னால் போன் சொன்னதுதான்" என்றார்.

வாரம் மூன்று நாள், கடை திறப்பதற்கு முன்னால் வந்தார். ஆரணியில் பிள்ளைகள் ஸ்கூலுக்கு முன்னால் ஒரு எழுத்தை ஒட்டவைத்து இஸ்கூல் என்பார்கள். இங்கே வார்த்தையின் கடைசி எழுத்து கழன்று விழுந்துவிடுகிறது. லுக் என்றால் "லு", ஆஸ்க் என்றால் "ஆ". சொக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு, தையல் ஊசியில் நூல் கோப்பவர்போல் கண்ணை இடுக்கி, அந்தக் கடைசி எழுத்தைப் பிடித்துவைக்கப் பாடுபடுவார். வரும்போது சும்மா வர மாட்டார். வாழையிலையில் மடித்த இனிப்புச் சாதமோ, பொரித்த வாழைப்பழமோ கையில் இருக்கும். ஒரு தடவை சின்ன ஜாடியில் புளிக்கவைத்த மீன் கொண்டுவந்தார். திறந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கருவாட்டு வாடைக்குப் பழகிய மூக்குதான், இது அதற்கும் மேலே.

சொல்ல வேண்டியவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எளிய இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்.

முதலாவது: லீடா ஏழு மாதத்தில் பிறந்தவள். குளிரில் மூச்சு இழுக்கும். உங்கள் ஊர் குளிர் ஊர், அவள் நெஞ்சை மூடி வையுங்கள்.

இரண்டாவது: வண்டியில் போனால் வாந்தி எடுப்பாள். முன்னால் உட்கார வையுங்கள்.

மூன்றாவது: கோபம் வந்தால் பேச மாட்டாள், சாப்பிட மாட்டாள். இரண்டாவது நாளுக்குப் போக விடாதீர்கள். யாராவது போய்க் கூப்பிடுங்கள், வந்துவிடுவாள்.

நான்காவது: அவள் எதையும் வாய் திறந்து கேட்க மாட்டாள். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இந்த நான்கையும் படித்து முடிக்கவே ஐந்து வாரம் ஆனது. பிறகு ஒரு நாள் காலை, ஐந்தாவது ஒன்று இருக்கிறது என்றார். மெதுவாக, இருக்கிற இங்கிலீஷையும் கெமரையும் சைகையையும் சேர்த்துச் சொன்னார்.

ஒரு நாள் அவள் வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால், அவளைத் திட்டாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள். நான் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "மிங், இது வேண்டாம்" என்றேன். மிங் என்றால் சித்தி, அத்தை மாதிரி. "கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் இதையா சொல்வார்கள்? எங்கள் ஊரில் இப்படி ஒரு வார்த்தை விழுந்தால் பந்தியே எழுந்து போய்விடும்."

"எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்றார். அவர் அக்காவை எல்லைப் பக்கத்து ஊர் ஒன்றில் கட்டிக் கொடுத்தார்களாம். ஏழு வருடம் அக்கா அங்கே பட்டதை யாரிடமும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. "கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று எங்களுக்குப் பயம்" என்றார். "இதைச் சொல்வதற்காகத்தான் மற்ற நாலும்."

அப்போதுதான் என் கதையை அவரிடம் சொன்னேன். அந்த ஊரில் ஷாகிராவைத் தவிர யாரிடமும் சொல்லாதது. செய்யாறில் கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அடி, உதை என்று ஊருக்குக் காட்டும்படி ஒன்றும் இல்லை. நான் அந்த வீட்டில் இருப்பதே யாருக்கும் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது வருடம் ஒரு நாள், அவர் கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகு, ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு நானே ஆரணி பஸ் ஏறினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, "தாய் வீட்டுக்கா, சீராடப் போறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சொக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "யாரும் வரவில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை."

ஐந்தாவது வாக்கியத்தை நான் எழுதிக் கொடுத்தேன்.

விருந்து அன்று விடிந்ததிலிருந்து மழை. சொக்காவின் கிராமம் கோயில்களுக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது, செம்மண் ரோடு. டுக் டுக் பாதி வழியில் சேற்றில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினேன். போய்ச் சேர்ந்தபோது முழங்கால் வரை சிவப்பாக இருந்தேன். மரத்தூண்கள் மேல் நிற்கிற வீடு. அந்தத் தூண்களுக்கு நடுவே, வீட்டுக்கு அடியில்தான் இவர்களுக்குச் சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம். மூங்கில் மேடையில் பாய் விரித்து, மீன், கோழி, கீரை, சோறு எல்லாம் பரப்பியிருந்தார்கள். சொக்கா அந்த மஞ்சள் பொன் பட்டை இடுப்பில் கட்டியிருந்தார். என்னை ஓரமாக இழுத்து, ஐந்தையும் கடகடவென்று ஒப்பித்தார். கடைசி எழுத்து எல்லாம் இருந்தது.

ஜூலியனின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கிராமத்தில் மாடு வளர்க்கிறவர்கள். அந்த அம்மாவின் கை என் அம்மா கையைவிடக் காய்ப்புக் காய்த்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை லீடாவும் ஜூலியனும்தான் இங்கும் அங்கும் பேசி ஓடிக்கொண்டிருந்தார்கள். பிறகு சொக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, மகளைப் பார்த்துக் கையமர்த்திவிட்டு, சம்பந்தியம்மாளிடம் இங்கிலீஷில், "வெல்கம் டு மை ஹவுஸ். ஐ வான்ட் டு டெல் யூ அபவுட் மை டாட்டர்" என்றார்.

லீடா வாயைப் பிளந்தாள். அந்த அம்மா சிரித்த முகமாகத் தலையாட்டி, ஏதோ பதில் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சொக்கா திரும்பி என்னைப் பார்த்தார். இது எந்த இங்கிலீஷ், நீ நடத்தவே இல்லையே என்பதுபோல் ஒரு பார்வை.

ஜூலியன் சங்கடமாகச் சொன்னான்: "மன்னியுங்கள். அப்பா, அம்மாவுக்கு பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். இங்கிலீஷ் தெரியாது."

வெள்ளைக்காரர் என்றால் இங்கிலீஷ் தெரியும் என்றுதான் ஆரணியிலும் நினைக்கிறோம், சியம் ரீப்பிலும் நினைக்கிறார்கள். டீச்சர் என்று வந்த நானும் அதையேதான் நினைத்திருக்கிறேன். மூன்று மாதம், ஒருவரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"அம்மா, நீ நம்ம பாஷையில் சொல்லு. நான் ஜூலியனிடம் சொல்கிறேன், அவன் சொல்லட்டும்" என்றாள் லீடா.

"வேண்டாம்" என்றார் சொக்கா. பிறகு விரலை ஜூலியன் பக்கம் நீட்டி, "யூ. யூ டெல் மதர்" என்றார்.

அவர் முதல் வாக்கியம் சொன்னார். ஜூலியன் அதைத் தன் அம்மாவுக்கு பிரெஞ்சில் சொன்னான். நெஞ்சை மூடி வையுங்கள் என்ற இடத்தில் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினான். இரண்டாவதைச் சொல்லும்போது சிரித்தான். லீடாவும் சிரித்தாள். "அம்மா, போதும்" என்றாள். மூன்றாவதில் அவன் சிரிக்கவில்லை. அது அவனுக்குத் தெரிந்த விஷயம்போல் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். நான்காவதை சொக்கா இரண்டு தடவை சொன்னார். "ஷி நெவர் ஆஸ்க்ஸ். யூ லுக்." அதைத் தன் வாயால் பிரெஞ்சில் சொல்லி முடித்த பிறகு, அவன் தன் அம்மாவைப் பார்க்காமல் லீடாவைப் பார்த்தான்.

ஐந்தாவதை சொக்கா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரு எழுத்துகூட விழவில்லை.

ஜூலியன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். லீடா எழுந்து, தண்ணீர்ச் சாடிகள் இருக்கும் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அவன் அம்மா அவன் முழங்கையைத் தொட்டு என்னவோ கேட்டார். என்ன சொன்னார்கள் என்றுதான் கேட்டிருப்பார். அவன் சொன்னான். மிகவும் சின்னக் குரலில், ஒரே மூச்சில். சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே எழுந்து சாடிகள் பக்கம் போனான்.

மேடையில் மிச்சம் இருந்தது இரண்டு அம்மாக்கள், தட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஜூலியனின் அப்பா, நான். எழுதிக் கொடுத்த கை என்னுடையது. பந்தி எழுந்து போகப் போகிறது என்று காத்திருந்தேன்.

அந்த அம்மா கைப்பையைத் திறந்து பேனா எடுத்தார். காகிதம் கிடைக்கவில்லை. விமான டிக்கெட்டின் பின்பக்கத்தில் பெரிது பெரிதாக ஒரு போன் நம்பரை எழுதினார். மேடையைச் சுற்றி வந்து சொக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அதை அவர் கையில் வைத்து மூடினார். மகன் போன பக்கத்தைக் காட்டி விரலை ஆட்டினார், அவன் இல்லை என்று. பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, கையைக் காதில் வைத்துக் காட்டினார். கூப்பிடப் போவது நான். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சொக்கா இரண்டு கையாலும் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அம்மாவும் அழுதார். நான் எழுந்து தட்டுகளை எடுக்கப் போனேன்.

விருந்துக்குப் பிறகு லீடா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் ஹோட்டல் உடுப்போடு வகுப்புக்கு வந்து நின்று, "அம்மாவுக்கு எப்படி நீங்கள் கடைசி எழுத்தைச் சொல்லிக் கொடுத்தீர்கள்? நான் பத்து வருஷமாக முயன்றேன்" என்று கேட்டாள். கல்யாணம் நன்றாக நடந்தது, லீடா ஜூலியனோடு அவன் ஊருக்குப் போய்விட்டாள். அவள் வேலை செய்த ஹோட்டலிலிருந்து ஆறு பேர் இப்போது என்னிடம் படிக்கிறார்கள்.

ஜூலியனின் அம்மா ஊருக்குப் போனதும் ஜூலியன் மூலம் கேட்டிருந்தார், அவருக்கும் இங்கிலீஷ் வேண்டுமாம். போன் செய்வதென்றால் எந்த மொழியில் செய்வது? புதன்கிழமை தோறும் வீடியோவில் இருவருக்கும் சேர்த்து வகுப்பு. இங்கே சொக்கா கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வருவார். அங்கே அந்த அம்மா காலையில் பால் கறந்துவிட்டு, ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் உட்காருவார். முதல் கேள்வி எப்போதும் சொக்காவுடையது: "லீடா வார்ம்?" பதில்: "வெரி வார்ம். டூ மச் வார்ம்."

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா நடுநடுவே சிரித்தாள். "அந்தம்மா இன்னா அஞ்சு சொன்னாங்க, சொல்லு" என்றாள். வரிசையாகச் சொன்னேன். ஐந்தாவதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அம்மா?"

"கீறேன்டி" என்றாள். பிறகு, "நானும் வந்தேன் ஜோதி" என்றாள்.

"எங்க வந்தே?"

"செய்யாறுக்கு. நீ திரும்பி வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி. போன்ல ஒன் கொரலு சரியில்ல. ஒங்கப்பா காஞ்சிபுரம் போயிருந்தாரு. யாருக்கும் சொல்லாம பஸ் ஏறி வந்துட்டேன். ஸ்டாண்டுலேர்ந்து ஒங்க வூட்டுக்கு பத்து நிமிசம் நடக்கணும். உக்காந்துகினே இருந்தேன். எம்பொண்ண அனுப்புங்கன்னு போயி கேக்கணும். ஏன்னு அவங்க திருப்பிக் கேட்டா இன்னா சொல்றது? அந்த வார்த்த எனுக்கு வரவே இல்லடி. மூணு ஆரணி பஸ்ஸ உட்டேன். நாலாவதுல ஏறித் திரும்பிட்டேன்."

"இத்தன வருசமா ஏம்மா சொல்லல?" என்றேன்.

"பாதி தூரம் வந்ததப் போயி எப்டி சொல்றது?"

வெளியே தெருவில் டுக் டுக்காரர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப வரட்டாடி?" என்று கேட்டாள் அம்மா.

"இப்ப எனுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் கீறேன்."

"அது தெரியுது. வரட்டான்னுதான் கேட்டேன்."

"வாம்மா" என்றேன்.